நாமினி போட்டாயிற்று, உயில் எதற்கு?

2024 அக்டோபர் 12: ஒரு வாசகர் கேட்டது

எனக்கு வயது 41. வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி., மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றிலும் மனைவியை நாமினியாகப் போட்டிருக்கிறேன். திருச்சியில் ஒரு வீடு, என் பெயரில். கடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். அப்பா, அம்மா ஊரில். உயில் என்பது பெரும் பணக்காரர்களுக்கும் பங்காளிச் சண்டை உள்ள குடும்பங்களுக்கும்தானே? நமக்கு எதற்கு?

2024 அக்டோபர் 12, இரவு

முதலில் நாமினி. அவர் வங்கியிடம் கைநீட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். வாங்கிய பணம் அதனால் அவருடையதாகிவிடாது. வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. 1984இல் ஓர் எல்.ஐ.சி. வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சென்ற டிசம்பரில் கம்பெனிப் பங்குகளுக்கும் இதே கதைதான் என்றது.

அடுத்தது வீடு. தனி வீட்டுக்கு நாமினி போட எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது. மன்னார்குடியில் 31 ஆண்டுகள் வணிகவியல் நடத்தியவன் நான், கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். நீங்கள் உயில் இல்லாமல் போனால் அந்த வீடு நான்கு சமபங்கு: மனைவி, இரண்டு பிள்ளைகள், உங்கள் அம்மா. ஆம், அம்மா. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு. தந்தை இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் அம்மாவின் கால் பங்கு அவர் காலத்துக்குப் பிறகு உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் போகும். உங்கள் மனைவி குடியிருக்கும் வீட்டின் ஒரு துண்டுக்கு அவருடைய கொழுந்தனார் சொந்தக்காரர் ஆவார். பிள்ளைகள் பங்கை அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. இது உங்களுக்குச் சம்மதம் என்றால் உயில் வேண்டாம்.

நான் சொல்வது இந்துக்களுக்கு மட்டும். முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் கணக்கு வேறு.

பங்காளிச் சண்டை பற்றிச் சொன்னீர்கள். பாகம் பிரிக்கிற நாள்வரை எங்கள் வீட்டிலும் சண்டை கிடையாது. அதை நாளை எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 13

அப்பா 2008இல் போனார். உயில் எழுதியது 1994இல். பீரோவின் மேல்தட்டில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில், ஒரு காக்கி உறையில் இருந்தது. எங்களுக்கு அது கிடைத்ததே பதினாறாம் நாள் காரியத்துக்குப் பித்தளைத் தாம்பாளம் தேடப்போனபோதுதான். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். மரண சாசனத்துக்கு மஞ்சள் தடவியவர் இந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எழுத்து முத்துமுத்தாக இருந்தது. வீடு எனக்கு, ஏழு மா நிலம் அண்ணனுக்கு, நகையும் ரொக்கமும் தங்கைகளுக்கு. சாட்சிகள் இருவர்: கிளை அஞ்சலகப் போஸ்ட்மாஸ்டர், பெருமாள் கோயில் கணக்குப்பிள்ளை. இருவருமே அப்பாவைவிட மூத்தவர்கள். ஒருவர் 1999இல் காலமானார், மற்றவர் 2005இல். இரண்டு சாவுக்கும் அப்பா சென்று, வந்து, கிணற்றடியில் தலைமுழுகினார். பீரோவில் இருந்த தாளுக்கும் அந்த இரண்டு நாளும் கொஞ்சம் உயிர் போயிற்று என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சாட்சி இருவரும் ஒரே நேரத்தில் உடன் இருந்து கையெழுத்துப் போட்டால்தான் உயில் செல்லும் என்பதால், இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு வரவழைத்துக் காப்பி கொடுத்தாராம். அந்த ஒழுங்கெல்லாம் இருந்தது.

அண்ணன் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அப்பா கையெழுத்தில் கடைசியில் ஒரு சுழி வருமே, அது எங்கே?" என்றார். அவ்வளவுதான், வழக்கு தொடங்கிவிட்டது.

நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறி, ஆம், என் முன்னால்தான் போட்டார் என்று சொல்லவேண்டும். இருவருமே இல்லை என்றால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அவரவருடையதுதான் என்று வேறு வழியில் நிரூபிக்கவேண்டும். கணக்குப்பிள்ளையின் மகளைக் குத்தாலத்தில் தேடிப் பிடித்தேன். அந்த அம்மாள் பரணிலிருந்து ஒரு கட்டு நோட்டை இறக்கினார். பிரசாதச் செலவு, எண்ணெய்ச் செலவு, மேளகாரர் சம்பளம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து. கரையான் அரித்தது போக மிஞ்சியது 40 பக்கம். அந்தப் புளியோதரைக் கணக்கை நம்பித்தான் என் வீடு நின்றது.

ஆறு ஆண்டுகள் ஆயின. கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம். மேற்கே 12 அடியை அண்ணனுக்கு விட்டேன். அதில் இப்போது ஒரு முருங்கை மரம் நிற்கிறது. வேர் அவர் பக்கம், காய் என் பக்கம்.

2024 அக்டோபர் 15

திருத்தம். இங்கே வரும் வழக்கறிஞர் அன்பர் ஒருவர் காதைத் திருகிவிட்டார். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்பது என் அப்பாவின் நம்பிக்கை, சட்டம் இல்லை. எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்கவேண்டும். அல்லது, இது நான் போட்டதுதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கவேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்கள் கையெழுத்திடவேண்டும். தனித்தனி நாளிலும் செய்யலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயம் இல்லை.

எல்.ஐ.சி. பற்றிச் சொன்னதிலும் பாதிதான் சரி. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் இதை வைத்து வழக்காடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறார் அன்பர். 1984இலேயே நின்றுவிட்டேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் இந்தக் கோளாறு உண்டு, பழைய பாடத்திட்டம்.

2024 அக்டோபர் 20

"எங்களுக்குக் குழந்தை இல்லை, சொத்தும் பெரிதாக இல்லை, உயில் வேண்டியதில்லை" என்று ஒரு அம்மையார் எழுதியிருக்கிறார். அம்மா, உங்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

என் சித்தி அரசு மருத்துவமனையில் செவிலியர். கல்யாணமான 14ஆம் மாதம் சித்தப்பா பஸ் விபத்தில் போய்விட்டார். புகுந்த வீட்டில் மூன்று மாதம்கூட வைத்துக்கொள்ளவில்லை. தாத்தா கறவை மாட்டை விற்று நர்சிங் படிக்கவைத்தார். ஊர் ஊராக வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து எங்களுக்குத் தலைவாரிவிட்ட கையில் எப்போதும் டெட்டால் வாசனை இருக்கும். ஓய்வு பெற்றதும் நீடாமங்கலத்தில் ஒரு மனை வாங்கி இரண்டு அறை கட்டினார். 2013இல் போனார். உயில் இல்லை.

எங்களுக்கு அதில் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகள் சித்திக்குக் கஞ்சி கரைத்து ஊட்டியது என் அம்மா. வாரிசுச் சான்றிதழோடு வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? சித்தப்பாவின் தம்பி பிள்ளைகள். சித்தியை அவர்கள் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஒருவர் என்னிடமே வழி கேட்டார், அந்த வீடு எந்தத் தெருவில் என்று.

சட்டம் அவர்கள் பக்கம்தான். உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணுக்குக் கணவனும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இல்லை என்றால் சொத்து கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தந்தை. இதில் ஒரு விலக்கு உண்டு: தாய் தந்தையிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். தாத்தா விட்டுச்சென்ற மனையாக இருந்திருந்தால் தாத்தா வீட்டுக்கு வந்திருக்கும். சித்தி தானே சம்பாதித்து வாங்கியதால் போயிற்று. 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கே இப்படி ஒரு வழக்கு வந்தது. புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து, சம்பாதித்துச் சேர்த்த பெண். அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்று சொல்லிக் கணவன் வீட்டாருக்கே கொடுத்தார்கள்.

ஒரு பக்கத் தாளும் இரண்டு சாட்சியும். மருத்துவமனையில் எத்தனை பேருடைய படிவங்களில் சித்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்!

2024 அக்டோபர் 21

உயில் தமிழ்ச் சொல்லா என்று கேட்டவருக்கு: இல்லை. ஆங்கில 'வில்' நம் வாயில் விழுந்து உயில் ஆயிற்று. அண்ணன் போட்ட வழக்கில் தட்டச்சர் ஒரு பக்கம் முழுவதும் "மேற்படி உயிர்", "மேற்படி உயிரின் உண்மைத்தன்மை" என்றே அடித்துவிட்டார். வாய்தா வாங்கித் திருத்தினோம்.

2024 நவம்பர் 3

கனடாவிலிருந்து ஒரு தங்கை: அப்பாவுக்கு எந்தெந்த வங்கியில் கணக்கு இருந்தது என்றே தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடிப்பது? ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்றொரு இணையதளம் திறந்தது. பெயரும் பான் எண் போன்ற ஏதேனும் ஓர் அடையாளமும் கொடுத்துத் தேடலாம். ஆனால் பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்குதான் அதில் வரும். பத்து ஆண்டுகள் ஆகாதது என்றால் பீரோ, மெத்தைக்கு அடி, பழைய டைரி.

2024 டிசம்பர் 8

சொத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. போவதற்கு முன் படுத்துக் கிடக்கும் கட்டம்.

அம்மாவுக்கு 2017இல் பக்கவாதம். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை, வென்டிலேட்டர், 11 நாள். அம்மா எப்போதும் "கூடத்தில் ஊஞ்சலுக்குக் கீழே படுக்கவைத்துவிடுங்கள், அங்கேயே போய்விடுவேன்" என்பார். வாயால் சொன்னதுதான், எழுத்தில் இல்லை. அண்ணன் குழாயை எடுக்கக்கூடாது என்றார். பெரிய தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள். சின்னவள் அழுதாள். நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன், அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். அந்தப் பேனாவை நான் வாங்கவில்லை. அம்மா 11ஆம் நாள் தானாகப் போனார்.

அடுத்த ஆண்டு, 2018 மார்ச் 9, உச்ச நீதிமன்றம் மருத்துவ உயிலை ஏற்றுக்கொண்டது. மீள வழியில்லை என்று ஆகிவிட்டால் எந்தச் சிகிச்சை வேண்டாம், எனக்காக யார் பேசவேண்டும் என்று புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். தொடக்கத்தில் குற்றவியல் நடுவர் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருந்தார்கள். யார் போய் நிற்பது? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் போட்டால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். எழுதிவிட்டதால் உடனே குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். மும்மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்த்துச் சொல்லவேண்டும்.

நான் எழுதினேன். நீதிமன்ற வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த நோட்டரி வாங்கிப் படித்துவிட்டு, "சார், இது வாடகை ஒப்பந்தமா, பிரமாணப் பத்திரமா?" என்றார். எனக்கு விட்டுப்போகும் வாடகை வீடுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டில் 'இதர' என்ற தலைப்பில் ஏற்றினார். ஒரு பிரதி குடும்ப டாக்டரிடம், ஒன்று மகளிடம், ஒன்று ஊஞ்சலுக்கு மேலே இருக்கும் அலமாரியில்.

2025 ஜனவரி 11

"எழுதுவது எதற்கு, உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு செட்டில்மென்ட் செய்துவிட்டால் தீர்ந்தது" என்று மூன்று பேர். செலவும் குறைவு என்கிறார்கள். உண்மைதான். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் இவ்வளவுதான்.

என்னோடு பணியாற்றிய தலைமையாசிரியர் ஒருவர். 2016இல் மகனுக்கு வீட்டை எழுதினார். பத்திரத்தில் "அன்பின் காரணமாகவும் பாசத்தின் காரணமாகவும்" என்ற வழக்கமான வரி. என்னை வைத்துக் காப்பாற்றவேண்டும் என்ற வரி இல்லை, ஆயுள்வரை நான் அனுபவிப்பேன் என்ற வரியும் இல்லை. பத்திர எழுத்தர் கேட்டாராம், "நிபந்தனை ஏதாவது சேர்க்கலாமா ஐயா?" என்று. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று இவர் கோபித்துக்கொண்டார்.

இப்போது கொல்லைப்புறத்தில், முன்பு வைக்கோல் போட்டிருந்த அறையில் இருக்கிறார். மதியச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு. மகன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறான். வீட்டுக்குள் மட்டும் இடமில்லை.

செட்டில்மென்ட்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். வித்தியாசம் இதுதான். மூத்த குடிமக்களுக்காக 2007இல் வந்த சட்டத்தில் 23ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: பராமரிப்பதாக நிபந்தனை போட்டுக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ரத்து செய்யலாம். நிபந்தனை இருக்கவேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருந்தது. இந்த மாதம் 2ஆம் தேதி மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் கொஞ்சம் இறங்கிவந்து, முதியவர்களுக்கான சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத்தான் படிக்கவேண்டும் என்று வீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

அப்படியும் எழுதத்தான் வேண்டும் என்றால் "என் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையும் வருமானமும் எனக்கே" என்று ஒரு வரி. எழுத்தர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2025 மார்ச் 23

மேலே எழுதியதற்குத் தொடர்ச்சி. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிக்கொடுத்த வீடு. மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை. பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும் அன்பு, பாசம் என்று எழுதியதிலேயே பராமரிப்பு அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்தை உறுதி செய்துவிட்டது.

செய்தித்தாளைக் கத்தரித்துத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். நான்காக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். மனுப் போடலாமா என்றேன். "பேத்திக்குப் பரீட்சை முடியட்டும்" என்றார்.

2025 ஏப்ரல் 30

மூன்று வாரமாகக் காணோம் என்று தேடியவர்களுக்கு நன்றி. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தலையில் அடி, மூன்று நாள் மருத்துவமனை, ஒரு முழுநாள் நினைவில்லை. இவ்வளவு நாள் இங்கே உபதேசம் செய்தவன் வீட்டு லட்சணத்தைக் கேளுங்கள்.

மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். ஓய்வூதியம் வரும் கணக்கு என் பெயரில் மட்டும். மனைவியிடம் ஏ.டி.எம். அட்டை இருக்கிறது, எண் தெரியாது. பணமெல்லாம் என் போனில், போன் பூட்டியிருக்கிறது. கடைசியில் மயக்கத்தில் கிடந்த என் கட்டைவிரலைப் பிடித்துத் துடைத்து, போனில் வைத்துத் திறந்திருக்கிறார். அந்தக் காலத்தில் இப்படித்தான் சாகக் கிடக்கிறவர்களிடம் கைநாட்டு வாங்குவார்கள் என்று எங்கள் ஊரில் கதை சொல்வார்கள். திறந்தும் பயனில்லை, பணம் அனுப்ப இன்னொரு ரகசிய எண் கேட்டது. மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தெரியாததை எல்லாம் கேட்டார். கேட்டதை எல்லாம் எழுதினேன். ஓய்வூதிய உத்தரவு எண், எந்தக் கருவூலம், நான் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு யாரைப் பார்ப்பது. மின் இணைப்பு எண், வீட்டு வரி எண். தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்பில் எவ்வளவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி எங்கே வந்து விழுகிறது. யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறேன். இந்த இடத்தில் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "இவருக்குமா?" என்றார். ஒன்பதாம் பக்கம் அது. ஒன்பதாம் பக்கத்தால் இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் வங்கிக்குப் போய்க் கணக்கில் அவர் பெயரைச் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் போனால் இருப்பவர், என்று மாற்றிக்கொண்டு வந்தோம். போன் பூட்டு எண்ணையும் மாற்றினேன், எங்கள் கல்யாணத் தேதி. அது எனக்கு நினைவில் நிற்பதுதான் கடினம்.

2025 ஜூன் 15

என் உயிலை எழுதி முடித்துவிட்டேன். முதல் கேள்வி கேட்ட திருச்சி நண்பர் சென்ற ஆண்டே எழுதிவிட்டாராம். வாத்தியார் கடைசியில்தான் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார்.

முதல் வரைவில் வீட்டை மனைவிக்கு ஆயுட்கால அனுபவ உரிமையாகவும் அவருக்குப் பிறகு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகவும் எழுதியிருந்தேன். ஊரில் எல்லாரும் எழுதுகிற முறை. பாதுகாப்பு என்று நினைத்தேன். மகள் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "அம்மாவுக்கு நாளைக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் இந்த வீட்டை வைத்துப் பணம் புரட்ட யார் கையெழுத்துப் போடவேண்டும் அப்பா?" அனுபவ உரிமை மட்டும் உள்ளவர் விற்க முடியாது. மகனிடமும் மகளிடமும் கையேந்தவேண்டும். தலைமையாசிரியரின் வைக்கோல் அறை நினைவுக்கு வந்தது. 38 ஆண்டுகள் இந்த வீட்டைப் பெருக்கியவரை அவருடைய வீட்டிலேயே குடித்தனக்காரராக ஆக்க இருந்திருக்கிறேன்.

கிழித்துவிட்டு, எல்லாம் மனைவிக்கு முழு உரிமையாக என்று எழுதினேன். எனக்கு முன்னால் அவர் போய்விட்டால் மட்டும் பிள்ளைகளுக்கு. அவர் பிறகு யாருக்குக் கொடுப்பார் என்பது அவர் பாடு. எழுதும்போது கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வீடு, ஆறு ஆண்டுகள் வழக்காடிய வீடு.

சொத்து விவரத்தில் பழைய சர்வே எண்ணை மட்டும் போட்டு நிறுத்திவிட்டேன். மறு அளவையில் எண் மாறியிருக்கிறது, இரண்டையும் போடவேண்டும் என்று வழக்கறிஞர் அன்பர்தான் தனிமடலில் பிடித்தார். நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் மேற்கே "அண்ணனின் முருங்கை மரம் உள்ள மனை" என்று நான் எழுதியிருந்ததையும் அவரே எடுக்கச் சொன்னார், மரம் விழுந்தால் எல்லை போய்விடும் என்று. "இங்கு குறிப்பிடாத மற்ற எல்லாமும்" என்று ஒரு வரி விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். இல்லாவிட்டால் இனி வாங்கப்போகும் சைக்கிளுக்குக்கூட வாரிசுச் சான்றிதழ் வாங்கவேண்டி வரும்.

சாட்சிகளுக்கு அப்பா செய்த தவறைச் செய்யவில்லை. என்னிடம் பிளஸ் டூ படித்து, இப்போது மருந்துக் கடை வைத்திருப்பவர், வயது 34. இன்னொருவர் எங்கள் டாக்டர், 45. மருந்துக் கடைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டே, "சார், ரேங்க் கார்டில் உங்கள் கையெழுத்துக்காக எத்தனை நாள் வாசலில் நின்றிருப்பேன், இன்றைக்கு நீங்கள் நிற்கிறீர்கள்" என்றார். அப்போது சற்று இழுத்தடித்தவன்தான் நான்.

கட்டாயம் இல்லை என்றாலும் பதிவு செய்தேன். புகைப்படம், விரல் ரேகை எல்லாம் அங்கேயே. உயில்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனிப் புத்தகம், மூன்றாம் புத்தகம். வில்லங்கச் சான்றில் அது வராது, நான் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். அண்ணன் மகன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பான் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பதிவு எண்ணை நோட்டில் எழுதியாகவேண்டும். எழுதினேன், பத்தாம் பக்கம்.

2025 ஜூலை 2

பதிவு செய்த உயிலை யாரும் எதிர்த்து வழக்குப் போட முடியாதா? போடலாம். பதிவு செய்தாலும் சாட்சி வந்து சொல்லத்தான் வேண்டும்.

2025 நவம்பர் 9

இந்த மாதம் 1ஆம் தேதி முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் போடலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில்தான். முதல் கேள்வி கேட்ட திருச்சி நண்பர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கையும் நிரப்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். அப்பாவை விட்டுவிட்டீர்களே. சட்டம் செய்ததையே நீங்களும் செய்துவிட்டீர்கள்.

தலைமையாசிரியர் இன்னும் மனுப் போடவில்லை. பேத்தி கல்லூரிக்குப் போய்விட்டாள். அந்தத் துணுக்கு கண்ணாடிக் கூட்டுக்குள்தான் இருக்கிறது. கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் கூடவே வந்து விழுகிறது, திரும்ப மடித்து வைக்கிறார்.

2025 நவம்பர் 27

சென்ற வாரம் உச்ச நீதிமன்றம், வழக்குகளைத் தவிர்க்கப் பெண்கள் எல்லாரும், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. செய்தியை மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சித்தி கதை அவருக்குத் தெரியும், சித்திக்குத் தலைமாட்டில் இருந்தவர்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இன்று மாலை மருந்துக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார், கூடவே டாக்டரின் மனைவி. எனக்கு மாத்திரை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூவரும் பூஜை அறைப் பக்கம் போனார்கள். கால்மணி நேரத்தில் வெளியே வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். மருந்துக் கடைக்காரர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

என்ன எழுதினாய் என்று கேட்டேன். பதினோராம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்திருக்கிறேன் என்றார். போய்ப் பார்த்தேன். "அரிசி டிரம்முக்குப் பின்னால், நீல உறை. நான் போன பிறகு திறக்கவும்." கீழே தேதி.

மாமியார் வழியில் வந்த ஒட்டியாணம் ஒன்று இருக்கிறது. மகளும் மருமகளும் ஆளுக்கொரு முறை போட்டுப் பார்த்துவிட்டார்கள். அது யாருக்கு என்று எனக்கு இன்னும் தெரியாது. அரிசி டிரம் இருக்கும் பக்கம் போனால் இருமுகிறார்.